மலைக்கு எந்தக் கிழமை வண்டி?

திருச்சி தில்லை நகரில் ரசத்துக்குத் தாளிக்கும்போது பெருங்காயம் தீர்ந்துபோனது தெரிந்தால், கைபேசியை எடுத்து நாலு தட்டு தட்டினால் போதும். சற்று நேரத்தில் டப்பா வாசலுக்கு வந்துவிடும். அதே மாவட்டத்தில், அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே, பச்சைமலையின் மேலுள்ள ஒரு குக்கிராமத்தில் சமையல் எண்ணெய் தீர்ந்தால், மலைக்கடையில் என்ன விலை சொல்கிறார்களோ அதைக் கொடுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்துத் துறையூருக்கு இறங்க வேண்டும். தெருமுனையில் மூன்று மளிகைக் கடைகள் இருப்பவர் வீட்டு வாசலில் சரக்கு இறங்குகிறது. அருகில் நல்ல கடையே இல்லாதவர் கடையைத் தேடி மலை இறங்குகிறார். ஆன்லைன் மளிகை பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அண்ணாச்சி கடை என்ன ஆகும், நிமிடக் கணக்கில் விரட்டப்படும் டெலிவரி இளைஞர்களின் உயிருக்கு யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால், இந்த வசதி யாருக்கு மிகவும் தேவையோ அவர்களை அது எப்படிச் சென்றடையும் என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு வழி இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். வாரத்தில் குறித்த ஒரு நாளில் தவறாமல் மேலே ஏறும் வண்டி ஒன்று வேண்டும். ஏறும்போது மளிகையையும் இறங்கும்போது மலை விளைச்சலையும் அது சுமக்க வேண்டும். அது கூட்டுறவின் கையில் இருக்க வேண்டும்.

பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்களிலும் கால் ஊன்றி, கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் முதல் ஏறத்தாழ 1,000 மீட்டர் வரை உயர்ந்து நிற்கிறது. துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாக வளைந்து ஏறும் பாதை டாப் செங்காட்டுப்பட்டிக்குப் போகிறது. வண்ணாடு, கோம்பை, தென்புறநாடு என்று நாடு நாடாகப் பிரிந்து, மலையாளிப் பழங்குடி மக்கள் சிறு சிறு ஊர்களில் வாழ்கிறார்கள். மரவள்ளி, முந்திரி, பலா, சாமை என விளைச்சலுக்குக் குறைவில்லை. ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. தமிழ்நாட்டின் பொது விநியோகம் மலை வரைக்கும் போயிருப்பது பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் ஒரு கிலோ பருப்பிலும் ஒரு லிட்டர் எண்ணெயிலும் ஒரு குடும்பத்தின் மாதம் ஓடாது. புளி, மிளகாய், கடுகு, சோப்பு, பிள்ளைகளின் நோட்டு, குழந்தைக்குப் பால் மாவு எல்லாம் கீழிருந்துதான் வர வேண்டும். 2025–26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஒருவர் கடைக்குப் போவதற்காக ஒரு நாள் வேலையை இழந்தால், அவர் வாங்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் விலையிலும் அந்த 336 ரூபாயின் பங்கு ஏறிவிடுகிறது. மலைக்கடையில் விலை கூடுதலாக இருந்தும் ஜனங்கள் அங்கேயே வாங்குவதன் காரணம் இதுதான்.

இந்த இடத்துக்குச் செயலி நிறுவனங்கள் தாமாக வந்துவிடும், கொஞ்சம் பொறுத்தால் போதும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அந்தத் தொழில் எதனால் நிற்கிறது, எதனால் விழுகிறது என்று பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. அமெரிக்காவில் 1999இல் பெரிய பெரிய தானியங்கிக் கிடங்குகளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே மளிகை என்று இறங்கிய வெப்வேன், 2001 ஜூலையில் திவாலானது. கட்டிய கிடங்கின் செலவைத் தாங்கும் அளவுக்கு ஆர்டர்கள் வரவில்லை.  இந்தியாவில் இன்று நிமிடக் கணக்கில் சரக்கு கொண்டுவரும் நிறுவனங்கள், ‘டார்க் ஸ்டோர்’ என்று சொல்லப்படும், வாடிக்கையாளர் உள்ளே நுழையாத கிடங்குக் கடைகளைக் குடியிருப்புகளுக்கு நடுவே வைத்திருக்கின்றன. சுற்றிலும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் ஆயிரக்கணக்கான வீடுகள் இருந்தால்தான் அந்தக் கணக்கு கட்டுப்படியாகும். அதாவது அவர்களுடைய சரக்கு தேவை இருக்கும் இடத்தைத் தேடிப் போவதில்லை. நெருக்கமாக வீடுகள் இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறது. நெருக்கம் என்பதே இல்லாத பச்சைமலைக்கு அந்த முறை பத்து ஆண்டு கழித்தும் வராது. அதற்காக அந்த நிறுவனங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த முறை அதற்காக உருவாக்கப்பட்டதில்லை.

வீட்டுக்கே மளிகை என்பது கைபேசியோடு பிறந்த வழக்கம் என்று நினைப்பதும் தவறு. திருச்சி பெரிய கடைவீதியிலும் ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் மாதம் பிறந்ததும் மளிகை லிஸ்ட் எழுதிக் கடையில் கொடுத்துவிடுவதும், கடைப் பையன் சைக்கிளில் மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவதும், கணக்கு நோட்டில் பற்று எழுதிச் சம்பள நாளில் தீர்ப்பதும் பல தலைமுறைகளாக நடந்தவை. அதில் அவசரம் என்பதே கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு மாதத்துக்கு வேண்டியது ஒரே நடையில் வந்தது. ஒரு தெருவின் பல வீடுகளுக்கு ஒரே சைக்கிள் போனது. இன்று ஸ்ரீரங்கத்தில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வாழும் முதியவர்களுக்கு டோர் டெலிவரி ஓர் ஊன்றுகோல். மாடிப்படி இறங்க முடியாதவருக்கு எங்கிருந்தோ மகளோ மகனோ ஆர்டர் போடுகிறார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று பழிப்பது மனிதத்தன்மை இல்லாத பேச்சு. ஆனால் அந்த முதியவருக்கும் பருப்பு பத்து நிமிடத்தில் வர வேண்டியதில்லை. நாளைக் காலை நிச்சயம் வரும் என்று தெரிந்தால் போதும். வேகம் விற்பவர்களுக்கு இடையிலான போட்டியில் பிறந்தது. அதன் விலையைச் சாலையில் கொடுத்தவர்கள் பைக்கில் ஓடிய இளைஞர்கள். 2026 ஜனவரியில் மத்திய தொழிலாளர் அமைச்சகம் தலையிட்ட பிறகு பிளிங்கிட் நிறுவனம் ‘பத்து நிமிடம்’ என்ற வாக்குறுதியைத் தன் விளம்பரத்திலிருந்து எடுத்தது நல்ல செய்தி. இந்தப் போட்டிக்குள் சிக்காத விநியோக முறை ஒன்று சாத்தியம் என்பதற்குப் பழைய மளிகை லிஸ்டே சான்று.

அந்த லிஸ்டை மலைக்கு எடுத்துச் செல்வோம். ஒரு வீட்டுக்காக மட்டும் துறையூரிலிருந்து ஒரு குட்டியானை எனும் சிறு சரக்கு வண்டி ஏறினால், வாடகை முழுவதும் அந்த வீட்டின் தலையில் விழும். வாடகை 3,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். அறுபது வீடுகளின் பட்டியலைச் சேர்த்து ஏற்றினால் வீட்டுக்கு 50 ரூபாய். கீழே போய்வர இழக்கும் ஒரு நாள் கூலியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. இதற்கு வேண்டியது இரண்டே கட்டுப்பாடுகள். ஆர்டர் எல்லாம் ஒரு குறித்த நாளுக்குள் வந்து சேர வேண்டும். வண்டி ஒரு குறித்த நாளில் கிளம்ப வேண்டும். மழை பெய்தாலும் திருவிழா வந்தாலும் அந்தக் கிழமை மாறக் கூடாது. ஒரு வாரம் வந்து மறு வாரம் வராத வண்டியை நம்பி யாரும் அடுப்படியைத் திட்டமிட மாட்டார்கள். ஏதாவது ஒரு வாரம் ஏமாந்தவர் மறுபடியும் மலைக்கடைக்கே திரும்பிவிடுவார். அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது.

இதிலும் பாதிக் கணக்குதான் முடிந்திருக்கிறது. சரக்கை இறக்கிவிட்டு வண்டி காலியாக மலை இறங்கினால், இறங்கும் டீசலுக்கும் மேலே இருப்பவர்தான் காசு கொடுக்கிறார். பச்சைமலையிலோ இறக்குவதற்குச் சரக்கு இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கோடையில் பலாப்பழம் துறையூர், திருச்சி வரை விற்பனைக்கு வருகிறது. தனித்தனி விவசாயி பத்துப் பழத்துக்கும் ஐந்து மரக்கால் சாமைக்கும் வண்டி பிடிக்க முடியாது என்பதால், வாசலுக்கு வந்து விலை சொல்லும் வியாபாரியிடமே கொடுத்துவிடுகிறார். மளிகை ஏற்றிப்போன வண்டியே இவற்றைத் தென்னூர் உழவர் சந்தைக்கோ துறையூருக்கோ கொண்டுவந்தால், ஏறும் நடையின் செலவு பாதியாகும்; விற்கும் விலையும் கூடும். இது கற்பனைத் திட்டம் இல்லை. அமெரிக்காவில் 1896இல் கிராமப்புற வீடுகளுக்கு இலவச அஞ்சல் பட்டுவாடா தொடங்கியது; 1913இல் பார்சல் அஞ்சல் வந்தது. கிராமத்து வீடுகளுக்கு நகரத்துச் சரக்கு வாசலில் இறங்கியது. அடுத்த ஆண்டே, அஞ்சல்காரர் திரும்பும் வழியில் பண்ணை முட்டையையும் வெண்ணெயையும் வாங்கி நகர வீடுகளுக்குக் கொடுக்கும் சோதனையை அந்நாட்டு அஞ்சல்துறை நடத்தியது. பார்சல் அஞ்சலை அன்று கடுமையாக எதிர்த்தவர்கள் சிற்றூர்க் கடைக்காரர்கள். அவர்களுடைய அச்சத்தைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

யார் நடத்துவது? புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மலைவாழ் மக்களுக்கான ‘லேம்ப்’ எனப்படும் பெரும்பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் 1970களிலிருந்து இருக்கின்றன, பச்சைமலையிலும் உண்டு. கூட்டுறவுத் துறை தன் பொருள்களை விற்க 2023இல் ‘கோ-ஆப் பஜார்’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. 2020 செப்டம்பரில் 3,501 நகரும் நியாய விலைக் கடைகள் அறிவிக்கப்பட்டன. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்குமான மாத்திரையை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. 2025இல் மகளிர் சுய உதவிக் குழுவினர் அரசுப் பேருந்தில் 25 கிலோ வரை தங்கள் உற்பத்திப் பொருள்களைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வழி செய்யப்பட்டது. எல்லாம் தனித்தனித் துறை, தனித்தனி அரசாணை. இவற்றை ஒரே வண்டியில் ஏற்றும் வேலைதான் பாக்கி. 2025 ஆகஸ்ட் 12 அன்று முதலமைச்சரின் தாயுமானவர் திட்டம் தொடங்கியபோது, 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்கள் வீட்டுக்கே போயின. 34,809 கடைகள் வழியாகச் சுமார் 21.7 லட்சம் பேருக்கு என்று அரசு அறிவித்தது. அந்தப் பெயர் திருச்சி மலைக்கோட்டை இறைவனுடையது. காவிரியில் வெள்ளம் வந்து, பேறுகாலத்தில் இருக்கும் மகளிடம் தாய் வந்து சேர முடியாமல் அக்கரையில் தவித்தபோது, தாயின் உருவில் வந்து நின்றவர் என்பது தலபுராணம். வர வேண்டியவர் வர முடியாத இடத்துக்கு உதவி தானே வந்து சேர்வது என்பதுதான் அந்தக் கதையின் உயிர். மலைமேல் இருக்கும் வீட்டுக்கும் அந்த நியாயம் பொருந்தும். அங்கே எழுபது வயது வரை காத்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கடைக்காரர்களின் அச்சத்துக்கு வருவோம். விரைவு விநியோகத்தால் ஓராண்டில் சுமார் 2 லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டன என்று நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2024இல் சொன்னது. அது அவர்கள் தரப்புக் கணக்கு; ஆனாலும் அலட்சியப்படுத்தக் கூடியதில்லை. மலைமேல் உள்ள சிறு கடைதான் இரவில் அவசரத்துக்குத் தீப்பெட்டி கொடுப்பது. பழைய பாக்கியோடு புதுக் கடனும் கொடுப்பது. அது மூடினால் வாராந்திர வண்டி அந்த இடத்தை நிரப்பாது. ஜப்பான் இதற்கு ஒரு பாதை காட்டியிருக்கிறது. அங்கே இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, கிராமங்களில் கடை மூடி, முதியவர்கள் காய்கறிக்குக்கூட வழியில்லாமல் தவித்தார்கள். 2012இல் தொகுஷிமா நகரில் தொடங்கிய தொகுஷிமாரு என்ற நிறுவனம், உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டின் சரக்கைச் சிறு லாரியில் ஏற்றி, ஒவ்வொரு வழித்தடத்துக்கும் குறித்த கிழமையில் வாசல் வாசலாகப் போகிறது. பொருள் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத்தில் 10 யென் கூடுதல். விற்காமல் மீந்ததைக் கடையே திரும்ப எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே சிறு கடை இருக்கும் இடத்தைச் சுற்றி 300 மீட்டருக்குள் வண்டி நின்று விற்கக் கூடாது என்பதும் அதன் விதி. பச்சைமலையில் இதைவிட ஒரு படி மேலே போகலாம். ஆர்டர் எழுதும் இடமாகவும் சரக்கு இறங்கும் இடமாகவும் அந்த மலைக்கடையையே ஆக்கி, பொட்டலத்துக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கலாம். கடைக்காரர் தன் சரக்கையும் அதே வண்டியில் மொத்த விலைக்கு வரவழைக்கட்டும். அவருடைய ஏற்றுக்கூலி குறைந்தாலே விலையும் இறங்கும்.

கடன்தான் இதைவிடக் கடினமான ஆட்சேபம். ஆன்லைன் வியாபாரம் கைக்காசுக்கு நடப்பது. மலையில் காசு வருவது விளைச்சல் விற்கும்போதுதான். நடுவில் உள்ள மாதங்களில் மளிகை கடனில் ஓடுகிறது. கடன் கொடுக்கும் கையே விளைச்சலையும் வாங்கும் கையாக இருந்தால், கிழங்கின் விலையைச் சொல்லும் உரிமை விவசாயியிடம் இருக்காது. எண்ணெய் வாங்கிய நாளிலேயே அது கைமாறிவிடுகிறது. இந்த முடிச்சு இருக்கும்வரை எத்தனை மலிவாகச் சரக்கைக் கொண்டுவந்து இறக்கினாலும் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள். வாங்கினால் பழைய கடன்காரரைப் பகைத்துக்கொள்ள நேரும். அதனால்தான் இந்த வேலை தனியார் செயலியிடம் போகாமல் கூட்டுறவிடம் இருக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். கடன் கொடுப்பதும், சரக்கு கொடுப்பதும், விளைச்சலை வாங்குவதும் ஒரே சங்கத்துக்கு அனுமதிக்கப்பட்ட வேலைகள். லேம்ப் சங்கங்கள் உருவானதே இந்த மூன்றையும் சேர்த்துச் செய்யத்தான். உறுப்பினருக்கு ஓர் அளவு வரை மளிகைப் பற்று கொடுத்து, அவர் இறக்கும் கிழங்கிலும் பலாவிலும் அதைக் கழித்துக்கொள்ள முடியும். ஒரு நிபந்தனை முக்கியம். சங்கத்தில் பற்று வைத்தவர் விளைச்சலைச் சங்கத்துக்கே விற்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது. இருந்தால் பழைய கட்டு அறுந்த இடத்தில் புதிய கட்டு முளைத்துவிடும்.

மலையின் பல மடிப்புகளில் செல்பேசிக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைப்பதில்லை, செயலி எப்படி வேலை செய்யும் என்பார்கள். செயலி வீட்டுக்கு வீடு வேண்டாம். காகிதத்தில் எழுதிய பட்டியலை மலைக்கடையிலோ ரேஷன் கடையிலோ கொடுத்தால், சிக்னல் கிடைக்கும் ஓர் இடத்திலிருந்து ஒருவர் ஏற்றிவிடலாம். பொட்டலப் பண்டங்களும் பிளாஸ்டிக்கும் மலைமேல் குவியும் என்ற கவலை நியாயமானது. பருப்பையும் மிளகாயையும் சாக்கில் கொண்டுபோய் அங்கேயே நிறுத்துக் கொடுக்கலாம். காலி உறைகளையும் அதே வண்டி கீழே இறக்கலாம்.

அரசுக்குச் செலவு கூடும் என்பவர்களுக்கு ஆந்திராவின் அனுபவம் ஒரு பாடம். 2021 ஜனவரியில் அங்கே ரேஷனை வீடு தேடிக் கொண்டுபோக 9,260 வண்டிகள் இறக்கப்பட்டன. வண்டி தெருமுனையோடு நின்றுவிடுகிறது, அரிசி வேறு பக்கம் போகிறது என்ற புகார்களைக் காட்டி, அடுத்து வந்த அரசு 2025 ஜூன் 1 முதல் மறுபடி ரேஷன் கடை முறைக்குத் திரும்பியது. ஆனால் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும் வீட்டு விநியோகம் தொடர்ந்தது. கடைக்கு நடந்து போகக்கூடியவர் உட்பட எல்லோருக்கும் வண்டி விட்டதுதான் அங்கே தாங்க முடியாத சுமையானது. போக முடியாதவருக்கு விடுவதை இரண்டு அரசுகளுமே தேவை என்று ஏற்றுக்கொண்டன. செலவைப் பற்றிப் பேசும்போது திருச்சிக்கு இன்னொரு நினைவும் வேண்டும். காந்தி மார்க்கெட்டை இடம் மாற்றக் கள்ளிக்குடியில் 77 கோடி ரூபாயில் கட்டி 2017இல் திறந்த மத்திய வணிக வளாகத்துக்கு வியாபாரிகள் போக மறுத்துவிட்டார்கள். கட்டடம் கட்டிவிட்டால் வியாபாரம் வந்துவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் நமக்கு வேண்டியதில்லை. மலைக்கு வேண்டியது கட்டடம் இல்லை. வண்டி வாடகையும் ஓட்டுநர் சம்பளமும்தான். 1854இலேயே இந்திய அஞ்சல், தூரம் பாராமல் எடைக்கு மட்டும் கட்டணம் என்று வைத்தது. பக்கத்து ஊருக்கும் மலை உச்சிக்கும் கடிதத்துக்கு ஒரே அஞ்சல்தலை. அந்த ஏற்பாட்டில் நகரத்தின் கடிதம் மலையின் கடிதத்துக்குக் கொஞ்சம் காசு கொடுத்தது. யாரும் அதை வீண் செலவு என்று சொல்லவில்லை. நகரத்து விரைவு விநியோக ஆர்டர் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு தொகையை மலைத்தடங்களுக்கு என ஒதுக்கச் சொல்லலாம். அது முடியாதென்றால், முதல் இரண்டு ஆண்டு வாடகையை மாநில அரசே ஏற்கலாம்.

தொடங்குவதென்றால் சோபனபுரம், டாப் செங்காட்டுப்பட்டி தடத்தில், பலா வரும் கோடைக்கு முன்பே தொடங்க வேண்டும். முதல் நடையே வெறும் வண்டியாகத் திரும்பினால் அதன் பேரைக் காப்பாற்றுவது கடினம். ஓட்டுநராகவும் எடை போடுபவராகவும் மலையிலேயே பிறந்த இளைஞர்களை மாதச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். நடைக்கு இவ்வளவு என்ற கூலி வந்தால் மழை நாளில் வண்டி நின்றுவிடும். ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் ஒரு கணக்குப் பலகை இருக்க வேண்டும். இந்த வாரம் எத்தனை கிலோ ஏறியது, எத்தனை கிலோ இறங்கியது, எண்ணெய் துறையூரில் என்ன விலை, இங்கே என்ன விலை என்பவை அதில் எழுதப்பட வேண்டும். மரவள்ளிக்குச் சங்கம் கொடுத்த விலைக்குப் பக்கத்தில், அன்று ஆத்தூர் ஆலைகள் கொடுத்த விலையும் எழுதப்பட வேண்டும்.